பழைய வண்டி மீட்டர்: முள் ஒரு கணக்கு, எண் ஒரு கணக்கு காட்டினால்

மீட்டர் கோளாறு என்று பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது "அண்ணாச்சி, மீட்டரையே மாத்திருவோம்" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். பழைய வண்டிகளில், அதாவது கேபிள் மீட்டர் உள்ள பைக், ஸ்கூட்டர், அம்பாசடர், ஜீப், மாருதி 800 எல்லாவற்றிலும், கோளாறு எங்கே இருக்கிறது என்பதை வேகம் காட்டுகிற முள்ளையும் ஓடிய கிலோமீட்டர் எண்ணையும் சேர்த்துப் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். முள்ளை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஏன் அப்படி என்பதற்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்சக்கர ஹப்பிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ வரும் கேபிளின் இன்னர் (அவுட்டர் என்கிற உறைக்குள் சுற்றும் கம்பி), மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அந்தக் காந்தத்தை ஒட்டி, ஆனால் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி கிண்ணத்தையும் கூடவே இழுக்கும், மெல்லிய ஹேர் ஸ்பிரிங் ஒன்று அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும், இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. எண் ஓடுவது வேறு வழி. அதே காந்தத் தண்டில் வெட்டியிருக்கும் வார்ம் பல் (திருகு மாதிரியான பல்), சின்ன கியர்கள் வழியாக எண் சக்கரத்தைத் தள்ளுகிறது. அங்கே காந்தமும் இல்லை ஸ்பிரிங்கும் இல்லை, பல்லோடு பல் மட்டும்தான். அதனால் கேபிள் எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனையை எண் அப்படியே காட்டும், அல்லது பல் உடைந்து நின்றுபோகும். நல்ல பல் உள்ள மீட்டரில் எண் தானாகக் கூடவோ குறையவோ முடியாது. முள்தான் வயசானால் பொய் சொல்லும்.

இனி ஒவ்வொரு குறையாகப் பார்ப்போம்.

முள்ளும் எண்ணும் இரண்டும் ஓடவில்லை

மீட்டருக்குச் சுற்று வரவில்லை என்று அர்த்தம். பைக்கில் இது பஞ்சர் ஒட்டிய அன்றே ஆரம்பித்திருந்தால் கேபிளைக்கூடத் தொட வேண்டாம். நம்ம திருநெல்வேலிப் பக்கம் உடைமுள் குத்தாத டயரே கிடையாது, முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவர் அவசரத்தில் மீட்டர் பினியன் (கேபிளைச் சுற்றுகிற சின்னப் பல் சக்கரம்) இருக்கும் அந்த வட்ட மூடியை, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் காது ஹப்பின் பள்ளத்தில் சரியாக உட்காராமலே நட்டை முறுக்கிவிடுவார். உட்காராத காது நெளியும், இல்லாவிட்டால் ஒடியும். சக்கரத்தைக் கழற்றி, மூடிக்குள் பார்த்து, காது நல்லா இருந்தால் பள்ளத்தில் உட்காரவைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, மேலே கழற்றிவிட்ட கேபிளின் முனை சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். வேலை முடிந்தது.

பஞ்சர் கதை எதுவும் இல்லையென்றால் கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். (கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிற காரில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள்.) முனை சுற்றவில்லையென்றால் இன்னர் அறுந்திருக்கும், அல்லது கீழே பினியன் தேய்ந்திருக்கும். இன்னரை மேலிருந்து இழுங்கள். பாதியில் கையோடு வந்தால் அறுந்தது. முழுசாக வந்தால் கீழ்முனையின் சதுரத்தைப் பாருங்கள், மூலைகள் உருண்டு வட்டமாகியிருந்தால் அது பினியன் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு சும்மா நிற்கும். சதுரமும் சரி என்றால் பினியன்தான்.

இதில் முக்கியமாக ஒன்று. புதுக் கேபிள் போட்டு கொஞ்ச நாளிலேயே மறுபடி அறுந்தால் மூன்றாவது கேபிள் வாங்காதீர்கள். மீட்டரின் தண்டு இறுகியிருக்கிறது, அதுதான் கேபிளைக் கொல்கிறது. பழைய இன்னரில் ஒரு சாண் வெட்டி மீட்டரின் ஓட்டையில் சொருகி, விரலால் உருட்டிப் பாருங்கள். தடையே தெரியாமல் லேசாகச் சுற்ற வேண்டும். கரகரவென்றோ கெட்டியாகவோ இருந்தால் தண்டைத் தாங்குகிற வளையமான புஷ் காய்ந்திருக்கிறது. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும். தண்டின் அடிப்பக்கம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, உருட்டி, துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான், ஏன் என்று கீழே வரும்.

எண் ஓடுகிறது, முள் ஆடுகிறது

40-இல் போகும்போது முள் 30-க்கும் 55-க்கும் துள்ளுகிறது, வேகம் கூடினால் கொஞ்சம் அடங்குகிறது. மீட்டர் மேல் பழி போடுவதற்கு மக்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிற குறை இதுதான், ஆனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். காய்ந்த இன்னர் அவுட்டருக்குள் ஒட்டி ஒட்டி விடுபடும். ஒட்டும்போது முறுக்கேறி, விடும்போது ஒரேயடியாகச் சுற்றும், காந்தம் அந்த உதறலை அப்படியே முள்ளுக்குக் கொடுக்கும். காலையில் வண்டி எடுத்ததும் ஹேண்டில் பக்கத்திலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தமும் வந்தால் சந்தேகமே இல்லை.

இன்னரை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கண்ணாடி போட்ட மேஜை மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். நேராக உருண்டால் நல்லது. ஓரிடத்தில் துள்ளினால் அங்கே மடங்கியிருக்கிறது, அதை நிமிர்த்திப் பயனில்லை. இன்னொரு சோதனையும் உண்டு: இன்னரை யு மாதிரி வளைத்து இரண்டு கையிலும் இரண்டு முனையைப் பிடித்து, ஒன்றை மெதுவாகத் திருப்புங்கள். மறுமுனை கூடவே திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்று சட்டென்று துள்ளினால் தூக்கிப் போட்டுவிடலாம்.

நல்ல இன்னர் என்றால் லேசான லித்தியம் கிரீஸை விரலில் எடுத்து, கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிசாகப் பூசி உள்ளே விடுங்கள். மேல்பக்கம் காய்ந்தே இருக்கட்டும். இன்னர் சுற்றும்போது கிரீஸ் தானாக மேலே ஏறும். எஞ்சின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, தயவுசெய்து ஊற்ற விடாதீர்கள். அப்புறம் கேபிள் போகும் வழியைப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது எங்கேயும் மடங்கக் கூடாது, மீட்டருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் அளவுக்காவது நேராகப் போக வேண்டும். முன்னால் கூடை மாட்டிய வண்டிகளில் கூடையின் கம்பி கேபிளை அமுக்கிக்கொண்டே இருக்கும், கூடையைக் கொஞ்சம் தள்ளி மாட்டினாலே முள் அமைதியாகிவிடும்.

முள் மேலே ஏறி இறங்க மாட்டேன் என்கிறது

வண்டி புறப்பட்டதும் முள் சர்ரென்று 80, 100 என்று போய் ஒட்டிக்கொள்கிறது, எண் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. மேலே சொன்ன ஆயில், கிரீஸ் சமாச்சாரம்தான் இது. கேபிள் வழியாக ஏறிய எண்ணெய் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் புகுந்துவிட்டது. காற்று இருக்க வேண்டிய இடைவெளியில் எண்ணெய் இருந்தால் காந்தம் கிண்ணத்தைக் கையால் பிடித்த மாதிரி இழுத்துப் போகும்.

மீட்டரைக் கழற்றித் திறந்து, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரால் காந்தத்தையும் கிண்ணத்தையும் கழுவி, நிழலில் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், டயல் எழுத்தும் பிளாஸ்டிக் பல்லும் போய்விடும். ஹேர் ஸ்பிரிங் மேல் காற்றடிக்கும் குழாயைக் காட்டவே கூடாது, ஒரு தடவை நெளிந்தால் அதைச் சரிசெய்கிற கை நம்ம ஜில்லாவில் ரொம்பக் குறைவு. கேபிளையும் கழுவாமல் மீட்டரைத் திரும்ப மாட்டினால் ஒரு மாதத்தில் அதே குறை திரும்ப வரும்.

முள் 0-வில் நிற்கிறது, எண் ஓடுகிறது என்றால் கேபிள் நல்லா இருக்கிறது. முள் டயலிலோ கண்ணாடியிலோ உரசுகிறதா, ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் புகுந்து கிண்ணத்தின் ஊசி (முள் மாட்டியிருக்கும் மெல்லிய தண்டு) துருப்பிடித்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வண்டி நிற்கும்போதே முள் 10-இல், 15-இல் நின்றால் முள் ஊசியில் வழுக்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

முள் ஓடுகிறது, எண் நின்றுவிட்டது

கேபிள், பினியன், காந்தம் எல்லாம் நலம். எண்ணைத் தள்ளுகிற பிளாஸ்டிக் பல் சக்கரம் வெடித்திருக்கிறது அல்லது தண்டில் வழுக்குகிறது. வெயிலில் நிற்கிற வண்டியில் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் சுருங்கி, தண்டைப் பிடிக்கிற இடத்தில் கீறல் விடும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரிப் மீட்டரை (ஒரு பயணத்துக்கு மட்டும் தூரம் காட்டுகிற எண்ணை) 0-வுக்குத் திருப்புகிற பழக்கமும் பல்லை உடைக்கும். பெட்ரோல் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே திருப்புங்கள்.

பசை போட்டு ஒட்டினால் நிற்காது. அதே மாடல் உடைந்த மீட்டரிலிருந்து சக்கரத்தை எடுத்துப் போடலாம், ஆனால் பல்லை எண்ணிப் பார்த்துத்தான் போட வேண்டும். ஒரு பல் வித்தியாசம் என்றாலும் அன்றிலிருந்து எண் நிரந்தரமாகத் தப்பாகவே ஓடும், முள் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இரண்டும் ஓடுகிறது, ஆனால் கணக்கு தப்பு

நான் அதிகமாகக் கவலைப்படுவது இந்தக் குறைக்குத்தான், ஏனென்றால் ஓடாத மீட்டர் தன் குறையைத் தானே காட்டிவிடும், தப்பாக ஓடுகிற மீட்டர் வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடும். வாடகைக்கு ஓடுகிற பழைய அம்பாசடரையோ வேனையோ நினைத்துப் பாருங்கள். எண் 5 சதவீதம் கூடுதலாக ஓடினால், கோயில், அருவி என்று சுற்றி 200 கிலோமீட்டர் போன குடும்பம் 210-க்குக் காசு கொடுக்கும். டிரைவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. மைலேஜ் கணக்கு, ஆயில் மாற்றுகிற கணக்கு எல்லாமே இதோடு சேர்ந்து கெடும்.

முதலில் அளக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து மூன்றடைப்பு, நாங்குநேரி வழியாகப் போகிற நான்குவழிச் சாலை இதற்கு நல்ல இடம், மேடு பள்ளமும் வளைவும் குறைவு. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல் இருக்கும், நடுவில் 2, 4, 6, 8 என்று 200 மீட்டர் கற்களும் இருக்கும். ஒரு கல்லின் நேரே எண்ணைக் குறித்துக்கொண்டு 10 கிலோமீட்டர் போய் மறுபடி குறியுங்கள். பைபாஸ் பிரிகிற இடங்களில் கற்களின் தூரம் சில சமயம் ஒத்துவராது, அதனால் போனில் ஜிபிஎஸ் தூரத்தையும் ஓடவிட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதே பயணத்தில், ஜிபிஎஸ் வேகம் ஒரே சீராக 60 காட்டும்போது முள் எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். போனைப் பார்ப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவர் வேலை, ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். மணிமுத்தாறு மலைப்பாதை மாதிரி வளைவில் இதைச் செய்யாதீர்கள், ஜிபிஎஸ் வளைவை வெட்டிக் கணக்குப் போடும்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எண் 10.5, முள் 63. இரண்டும் 5 சதவீதம் கூடுதல். மீட்டர் நல்ல மீட்டர், அதற்குப் போகிற சுற்றுதான் கூடுதல். டயரையும் பினியனையும் பாருங்கள்.

எண் 10.0, முள் 52. சுற்று சரி, முள் பக்கம் கோளாறு. காந்தம் வலு குறைந்திருக்கும், இல்லாவிட்டால் கிண்ணத்தின் ஊசி இறுகியிருக்கும். மீட்டர் கடைக்குப் போக வேண்டியதுதான்.

எண் 10.0, முள் 64. இதைத் தொடவே வேண்டாம். முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காகக் கம்பெனியிலேயே கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதிப்படி உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை கூடுதலாகக் காட்டலாம், குறைத்து மட்டும் காட்டக் கூடாது. 60-க்கு அது 70 வரை வரும். ஆகவே முள் 3, 4 கூடக் காட்டுவதை இழுத்துச் சரிபண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எண் 10.5, முள் 57 என்று ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் வந்தால் இரண்டு கோளாறு இருக்கிறது. முதலில் எண்ணைச் சரிசெய்யுங்கள், அதாவது சுற்றை. அதற்குப் பிறகுதான் முள். மாற்றிச் செய்தால் முள்ளை இரண்டு தடவை தொட வேண்டி வரும்.

சுற்று ஏன் மாறுகிறது என்றால், பைக்கில் பெரும்பாலும் சக்கரம் மாறியிருக்கும். 2.75-18 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.87 மீட்டர் போகும். அழகுக்கு அலாய் வீல் மாட்டுகிறேன் என்று 2.75-17 போட்டால் 1.79 தான், ஒரே ரோட்டுக்கு 4 சதவீதம் கூடுதல் சுற்று. காரில் நேர் எதிராகவும் நடக்கும். மாருதி 800-இன் 145/70 ஆர்12 கடையில் இல்லை என்று ஆல்டோவின் 145/80 ஆர்12 போட்டால் சக்கரம் 5 சதவீதத்துக்கு மேல் பெரிசாகி, உண்மையில் 60 போகும்போது முள் 57-க்குப் பக்கத்தில்தான் வரும். இதுதான் ஆபத்தான பக்கம். புது டயருக்கும் முழுக்கத் தேய்ந்த டயருக்கும் நடுவே காரில் ஏறத்தாழ 2 சதவீதம் வித்தியாசம் வரும், அதற்கு வைத்தியம் கிடையாது, தேவையும் இல்லை.

அம்பாசடர், ஜீப்பில் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. அங்கே எண்ணப்படுவது சக்கரச் சுற்று இல்லை, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் போகிற பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் சுற்று. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின், வேறு கியர்பாக்ஸ், பின் ஆக்ஸிலில் வேறு கிரவுன் பினியன் என்று மாற்றிய வண்டிகள் நம்ம பக்கம் நிறைய, அவற்றில் மீட்டர் கணக்கு சரியாக இருந்தால்தான் ஆச்சரியம். கியர்பாக்ஸில் கேபிள் மாட்டும் இடத்தில் உள்ள சின்ன மீட்டர் பினியனை மாற்றிச் சரிசெய்யலாம். பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும். 17 பல் இருந்த இடத்தில் அதே கியர்பாக்ஸுக்கு ஒத்துவரும் 18 பல் போட்டால் 5.5 சதவீதம் குறையும். 5 சதவீதம் கூட ஓடிய வண்டிக்கு அது போதும்.

ஊகத்தில் பல் வாங்காமல் அளந்து வாங்க ஒரு வழி. டயலின் அடியில் சின்ன எழுத்தில் 1400 மாதிரி ஒரு எண் அச்சடித்திருக்கும். ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் அத்தனை சுற்று வர வேண்டும் என்பது அதன் பொருள் (மைல் டயல் என்றால் ஒரு மைலுக்கு). எண் அழிந்திருந்தால், மீட்டரில் துண்டு இன்னரைச் சொருகிக் கையால் சுற்றி, 100 மீட்டர் எண் ஒன்று நகர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். அப்புறம் கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, இன்னரின் முனையில் ஒரு அட்டைத் துண்டை அம்பு போல வெட்டிக் குத்துங்கள். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டி மேல் ஒருவர் உட்கார்ந்திருக்க, சக்கரம் சரியாக 10 சுற்று வரும்வரை தள்ளி, அம்பு எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, போன தூரத்தை டேப்பால் அளங்கள். கணக்குக்காக, 17.95 மீட்டரில் 26 சுற்று என்று வைப்போம். 26-ஐ 17.95-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 1448. டயல் கேட்பது 1400. மூன்றரை சதவீதம் கூட ஓடுகிறது என்று மீட்டரைத் திறக்காமலே தெரிந்துவிட்டது.

இதே 1400 என்ற எண், மீட்டர் பழுது பார்க்கிற கடையிலும் உதவும். 60-இல் போனால் ஒரு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஆக நிமிஷத்துக்கு 1400 சுற்று கொடுத்தால் முள் 60-இல் நிற்க வேண்டும். வேகம் மாற்றக்கூடிய டிரில்லும் சுற்று எண்ணும் டாக்கோமீட்டரும் வைத்திருக்கிற கடையில் கொடுங்கள். முன்னால் நின்று 700-க்கு 30, 1400-க்கு 60 வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். காந்தத்தின் வலுவை ஏற்றாமல் முள்ளை மட்டும் பிடுங்கித் தள்ளிக் குத்துகிற கடையில் ஒரு வேகத்துக்குச் சரியாக இருக்கும், மற்ற வேகத்துக்கெல்லாம் தப்பாக இருக்கும். இரண்டு வேகத்தில் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

சென்சர் வைத்த மீட்டர்

கேபிள் இல்லாமல் கியர்பாக்ஸ் சென்சரில் ஓடுகிற வண்டியில் முள் திடீரென்று 0-வுக்கு விழுந்து திரும்ப எழுந்தால், முதலில் சென்சரின் கனெக்டரையும் எர்த் ஒயரையும் பாருங்கள். நெல் மூட்டை அடுக்கிய ஷெட்டில் நிற்கிற வண்டி என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சென்சர் முனை காந்தமாக இருந்தால் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், துடைத்தால் போதும்.

மீட்டரையே மாற்ற வேண்டி வந்தால்

சில சமயம் வேறு வழியில்லை. புது மீட்டர் 0-வில் வரும், பழைய கடையில் வாங்கினால் வேறு யாரோ ஓட்டிய எண்ணோடு வரும். எண்ணைக் குறைத்து வைக்கவா என்று கடையில் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த வண்டியை அடுத்து வாங்குகிறவர் டைமிங் செயினையும் பேரிங்கையும் அந்த எண்ணை நம்பித்தான் விட்டுவைப்பார். பழைய ஐந்து இலக்க மீட்டர் 99999 தாண்டியதும் மறுபடி 0-விலிருந்து ஆரம்பிக்கும் என்பதையும் கணக்கில் வைத்து, பழைய மீட்டர் நின்ற எண், புது மீட்டர் மாட்டியபோது இருந்த எண், தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள், விற்கும்போது கூட்டிச் சொல்ல வசதியாக இருக்கும்.